பழைய டிராக்டர் எஞ்சின்: பிரிக்கும் முன் தேய்மானத்தின் காரணத்தைத் தேடுங்கள்

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட்டாலும், காவிரியின் கடைமடையான காரைக்காலுக்குத் தண்ணீர் வந்து சேரக் கூடுதல் நாட்கள் பிடிக்கும். அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு வழியாக வரும் அந்தத் தண்ணீர் வாய்க்காலில் ஓடும்போதே சேற்றுழவு செய்து, பரம்படித்து, நடவை முடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் டிராக்டர் எஞ்சின் படுத்துவிட்டால் இழப்பு மெக்கானிக் கூலியோடு நிற்காது. குறுகிய கால நெல் ரகங்களுக்கு நாற்றின் வயது 20 நாட்களை ஒட்டி இருப்பது நல்லது. உழவு பத்து நாள் தள்ளிப்போனால் நாற்று முற்றிவிடும். நட்ட பிறகு தூர் கட்டுவது குறையும். அறுவடையில் அது தெரியும்.

ஆகவே பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் எஞ்சின் வேலையைச் சம்பா, தாளடி அறுவடை முடிந்த பிறகு, மார்ச் முதல் மே மாதத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது. லேத் பட்டறையில் வேலை முடியவும், உதிரி பாகம் வரவும், எஞ்சினை ஓட்டிப் பழக்கவும் அப்போதுதான் அவகாசம் இருக்கும்.

சிறிய டிராக்டரின் அருமை

சென்னையில் 1960-ல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் 1035 டெல்டா விவசாயிகளுக்கு நன்கு பழக்கமான வண்டி. ஏறக்குறைய 35 குதிரைத்திறன் கொண்ட இதில் சிம்சன் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் உள்ளது. 1840-ல் சென்னையில் குதிரை வண்டி கட்டும் பட்டறையாகத் தொடங்கிய சிம்சன், பின்னர் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் தொழில்நுட்பத்தில் டீசல் எஞ்சின் செய்யத் தொடங்கியது. கட்டமைப்பு எளிது, கிராமத்து மெக்கானிக்குக்கும் அத்துப்படி.

எடை குறைவாக இருப்பதும் ஒரு நன்மை. கடலோரக் களிமண் நிலத்தில் சேற்றுக்கு அடியில் உள்ள கெட்டிப் படுகைதான் தண்ணீரைத் தாங்குகிறது. கனமான டிராக்டர்கள் ஆழமாகப் புதைந்தால் அந்தப் படுகை ஆங்காங்கே உடையும், வயலில் பள்ளம் விழும். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு, பிளாக் நன்றாக இருக்கும் பழைய சிறு டிராக்டரைச் சீர்செய்வது பல நேரங்களில் புது வண்டிக்குக் கடன் வாங்குவதைவிட மேல்.

எல்லாப் புகையும் ரிங் தேய்மானம் அல்ல

புகை வந்தவுடன் எஞ்சினைப் பிரித்துவிடக் கூடாது. முதலில் புகையின் நிறத்தைப் பாருங்கள்.

கறுப்புப் புகை: பெரும்பாலும் ஏர் கிளீனர் அடைப்பு, நாசில் கோளாறு அல்லது அதிக பாரம். எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை.

நீலப் புகை: எஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங், லைனர், வால்வு கைடு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

வெள்ளைப் புகை: ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்தால் கம்ப்ரஷன் குறைவாகவோ நாசில் சரியாகத் தூவாமலோ இருக்கலாம். விடாமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை ஓட்டக் கூடாது.

அடுத்து, ஆயில் அளவைக் குறித்துக்கொண்டு 10 மணி நேரம் வேலை செய்து, எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று கணக்கு வையுங்கள். வெளியே ஒழுகாமலே ஆயில் வேகமாகக் குறைந்து, பிரீதர் குழாயில் குபுகுபுவென்று புகை தள்ளினால் சிலிண்டரில் தேய்மானம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

கம்ப்ரஷன் கேஜ் வைத்தும் இதை உறுதிசெய்யலாம். முதலில் ஒவ்வொரு சிலிண்டரையும் அளக்க வேண்டும். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் மட்டும் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், லைனர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட் கோளாறு. ஹெட் வேலையோடு செலவு முடிந்துவிடும்.

தூசியும் உப்புத் தண்ணீரும்

எஞ்சின் வேலை செய்தும் இரண்டு பருவத்தில் மறுபடி புகைவதற்கு முக்கியக் காரணம், தேய்மானம் எதனால் வந்தது என்று பார்க்காமல் விடுவது. புது லைனர் போட்டாலும் பழைய வழியாகவே தூசி உள்ளே போகும்.

கோடை உழவில் கிளம்பும் மண் தூசி உப்புத்தாள்போல லைனரை அரைக்கும். ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி உட்புறம் விரலால் தடவுங்கள். மண் ஒட்டினால் தூசி வடிகட்டப்படாமல் போகிறது. குழாயில் வெடிப்பு, கிளிப்பில் தளர்ச்சி, ஆயில் கிண்ணத்தின் வாஷரில் ஓட்டை ஆகியவை சிறு செலவில் சரியாகும். கோடை உழவின்போது கிண்ணத்தைத் தினமும் திறந்து பாருங்கள். அடியில் சேறு படிந்திருந்தால் கழுவிப் புது ஆயிலைக் கோடு வரை மட்டும் ஊற்ற வேண்டும். அதிகம் ஊற்றினால் எஞ்சின் அதை உறிஞ்சிக் கட்டுக்கடங்காமல் ஓடிவிடும் ஆபத்து உண்டு.

அடுத்தது தண்ணீர். கடலோரத்தில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் பிளாக்கின் உள்ளே உப்புப் படிந்து வெப்பம் வெளியேறாது. பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும், ரிங்கின் விறைப்பு போய்விடும். சுத்தமான மழைநீர் அல்லது டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். ரேடியேட்டர் வெளிப்புறம் அடைந்த வைக்கோல் தூசியையும் தட்டி எடுங்கள்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

பிரிக்கும்போதே பிஸ்டன், கனெக்டிங் ராடு, பேரிங் மூடிகளில் சிலிண்டர் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒன்றின் மூடியை இன்னொன்றில் மாட்டக் கூடாது.

லைனரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். எழுதிய அளவுகளைக் கேட்டு வாங்கி வையுங்கள். ‘கையால் தடவிப் பார்த்தேன்’ என்பது அளவு ஆகாது. லைனர் நன்றாக இருந்தால் ரிங் மட்டும் மாற்றினால் போதும். தேய்ந்த லைனரில் புது ரிங் மட்டும் போடுவது பணத்தை வீணாக்குவதே.

கிராங்க் சாஃப்டைச் சாணை பிடித்தால் 0.25, 0.50, 0.75 மி.மீ. என்ற படிகளில் குறைப்பார்கள். பேரிங்கும் அதே படியில் வாங்க வேண்டும். ஏற்கெனவே கடைசிப் படிக்கு வந்துவிட்ட கிராங்க் என்றால் அதை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

புது ரிங்கை லைனருக்குள் நேராக வைத்து, வாய் இடைவெளியைப் ஃபில்லர் கேஜால் பார்க்க வேண்டும். 25 மி.மீ. விட்டத்துக்கு ஏறக்குறைய 0.1 மி.மீ. என்பது பொது விதி. எஞ்சின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று தவணையில் டார்க் ரென்ச்சால் முடுக்க வேண்டும். நாசிலும் டீசல் பம்பும் சோதனைக் கருவி உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

முதல் 50 மணி நேரம்

வேலை முடிந்த எஞ்சினை நெடுநேரம் சும்மா ஓடவிடுவது நல்லதல்ல. பாரம் இல்லாவிட்டால் ரிங் லைனரோடு படியாது, லைனர் மெருகேறி ஆயில் எரியத் தொடங்கும். டிரெய்லர், லேசான புழுதி உழவு எனப் பாரத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். முதல் 50 மணி நேரத்துக்குள் ரோட்டவேட்டரைக் கட்டிச் சேற்றில் இறக்க வேண்டாம். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் போல்ட், டேப்பட் இடைவெளியைச் சரிபாருங்கள். வடித்த பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் பட்டறையிலேயே ஒப்படையுங்கள்.

எப்போது வேண்டாம்?

பிளாக்கில் வெடிப்பு இருந்தாலோ, கியர் பாக்ஸும் ஹைட்ராலிக்கும் சேர்ந்து பழுதாகியிருந்தாலோ எஞ்சின் வேலை பயன் தராது. மொத்தச் செலவு வண்டியின் விற்பனை மதிப்பில் பாதியைத் தாண்டினால் வாடகை உழவே லாபமா என்று யோசியுங்கள். வேறு எஞ்சினை மாற்றுவதென்றால் போக்குவரத்துத் துறையின் அனுமதி பெற்று ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். பதிவாகி 15 ஆண்டு கடந்த வண்டியின் ஆர்.சி. புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஞ்சின் வேலைக்கு விலை பேசும்போது ஏர் கிளீனர் குழாய், கிளிப், வாஷர், ரேடியேட்டர் சுத்தம் ஆகியவற்றையும் அதே ரசீதில் எழுதச் சொல்லுங்கள். மொத்தச் செலவில் இவை சிறு பங்குதான். லைனர் எத்தனை பருவம் தாங்கும் என்பதை இவைதான் தீர்மானிக்கும்.