நாலு குடித்தன யந்திரம்

"அம்மா, எனக்கு ஒரு சர்வர் வேணும்" என்று உங்கள் வீட்டுப் பிள்ளையாண்டான் ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தால் என்ன சொல்வீர்கள்? என் தாயார் சொன்ன பதில் இது: "நான்தான் பரிமாறுகிறேனேடா, போதாதா? வீட்டுக்கு எதற்கு சர்வர்?"

நான் சிரித்துவிட்டேன். தம்பி சிரிக்கவில்லை. இது 2019-ல் நடந்த சமாசாரம். என்ஜினீயரிங் முடித்துவிட்டு, ஊரார் கம்ப்யூட்டர் பழுதை டெலிபோனில் கேட்டுக் குறித்துக்கொள்ளும் உத்தியோகத்தில் அவன் இருந்தான். பெரிய யந்திரங்களைக் கட்டி மேய்க்கும் வேலைக்கு இரண்டு இடங்களில் பேட்டிக்குப் போய் வந்தான். இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி: "கையால் செய்த அநுபவம் உண்டா?" வேலை கொடுத்தால் அல்லவா அநுபவம் வரும்? ஆகவே, வீட்டிலேயே ஒரு பரிசோதனைச் சாலை வைத்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டான். 'ஹோம் லாப்' என்று அதற்குப் பெயர்.

அம்மாவிடம் சீட்டு எடுத்த பணம் ரூ. 32,000 இருந்தது. காசிக்குப் போகவென்று வைத்திருந்தாள். மறுநாள் காலை அதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "கங்கை எங்கேயும் ஓடிப்போகாது" என்றாள், அவ்வளவுதான்.

அவன் ஆசைப்பட்ட யந்திரம் என்ன என்கிறீர்களா? டெல் கம்பெனியார் 2010-ல் கொண்டுவந்த 'பவர்எட்ஜ் சி6100'. பார்வைக்கு நீளமான தகரப் பெட்டி. உயரம் மூன்றரை அங்குலம். ஆனால் உள்ளே இருப்பது ஒரு கம்ப்யூட்டர் அல்ல, நாலு! நம் பழைய திருவல்லிக்கேணி வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரை, நாலு குடித்தனம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி அடுப்பு, தனிப் பரண். கிணறும் மீட்டரும் மட்டும் பொது. இங்கேயும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக இரண்டு பிராஸஸர், மெமரி செருக 12 இடம், மூன்று பெரிய டிஸ்க். மின்சாரம் வாங்கித் தரும் பவர் சப்ளை இரண்டும் காற்றாடி நாலும் எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு குடித்தனத்தையும் 'நோட்' என்கிறார்கள். பின்பக்கம் மேஜை டிராயர் மாதிரி இழுத்தால் தனியாக வந்துவிடும்.

பெரிய கம்பெனிகள் இவற்றை நூற்றுக்கணக்கில் வாங்கி, சில வருஷம் உழைக்கவிட்டு, புது மாடல் வந்ததும் மொத்தமாகத் தள்ளிவிடும். 2012, 2013-ல் அமெரிக்காவில் இந்த சி6100 அப்படித்தான் பழைய சாமான் சந்தைக்குக் குவியலாக வந்தது. வீட்டில் வைத்துப் பழகுகிறவர்கள் ஆவலோடு வாங்கினார்கள். அந்தச் சந்தையின் வால் நம் ஊருக்கும் நீண்டது.

ரிச்சி தெருப் பக்கம் ஒரு வியாபாரியிடம் தம்பியும் நானும் போனோம். பழைய புடவைக்குப் பாத்திரம் வாங்கிப் பழகிய பெண்கள் கூடப் போவது நல்லது, சகோதரிகளே! கடைக்காரர் ஒரே ஒரு நோட்டை மட்டும் ஓட்டிக் காட்டி, "ஒன்று ஓடினால் நாலும் ஓடும்" என்றார். நான் விடவில்லை. நாலையும் தனித்தனியே திரையில் ஓட்டிக் காட்டச் சொன்னேன். மெமரி முழுதும் கணக்கில் வருகிறதா, இரண்டு பவர் சப்ளையும் ஒன்றில்லாமல் ஒன்று தாங்குகிறதா என்று தம்பி பார்த்தான். டிஸ்க்கை மாட்டும் டிரேக்கள் விலையில் சேர்த்தியா என்று கேட்க மறந்தோம். பணம் கொடுத்த பிறகு, "அது தனி" என்றார். 12 டிரேக்கு அழுத பணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. நீங்கள் முதலிலேயே கேட்டு, ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்காக இருந்தால் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அதனிடமே பதிவு இருக்கும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

யந்திரம் முப்பது கிலோவுக்கு மேல். தம்பியும் ஆட்டோக்காரருமாக இரண்டு மாடி தூக்கி வந்தார்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாமல், கிரைண்டருக்குப் போட்டிருந்த பெரிய பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துவிட்டுச் செருகினான். பொத்தானை அழுத்தினான் பாருங்கள், அடேயப்பா! புஷ்பக விமானம் கிளம்பிய மாதிரி ஒரு இரைச்சல். அடுத்த வீட்டு மாமி கையில் கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். ஒரு நிமிஷத்தில் காற்றாடிகள் கொஞ்சம் அடங்கின. ஆனாலும் அந்த அறையில் உட்கார்ந்து யாரும் பேச முடியாது, தூங்கவும் முடியாது. மாடி அறைக்கு யந்திரத்தைக் கடத்தினோம்.

தூசி படியுமே என்று அம்மா ஒருநாள் அதன்மேல் அழகாக ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்திவிட்டாள். முன்பக்கம்தான் அது மூச்சு இழுக்கும் இடம். அரைமணியில் காற்றாடிகள் ஓலமிட்டன. பிறகு ஒவ்வொன்றாகத் தானே அணைந்துவிட்டது. நல்லவேளை, சூடு மிஞ்சினால் நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். அலமாரியில் பூட்டுவதும் கூடாது. உள்ளே போகும் மின்சாரமெல்லாம் கடைசியில் உஷ்ணமாகத்தானே வெளியே வரவேண்டும்?

மின்சாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் இரண்டு மாதம் ராப்பகலாக ஓடியது. தம்பி பிளக்கில் ஒரு சின்ன மீட்டரை மாட்டிப் பார்த்தான். சுமார் 300 வாட். ஒரு நாளைக்கு 7.2 யூனிட். 60 நாளைக்கு 432! எங்கள் வீட்டுச் செலவு 300 யூனிட். இரண்டும் சேர்ந்து 500-ஐத் தாண்டிவிட்டது. தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் ஏறிவிடுகிறது என்பது குடும்பம் நடத்துகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டாம். அட்டையைப் பார்த்துவிட்டு அம்மா ஒரு சட்டம் போட்டாள்: சாயங்காலம் ஏழு முதல் பத்து வரைதான். அந்தக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். தம்பியின் படிப்பு இதனால் கெடவில்லை. மூன்று மணிதான் என்று தெரிந்ததும் கவனமாகவே படித்தான்.

இதற்கு நடுவில்தான் அந்தக் காரியம் நடந்தது. பெரிய கம்பெனிகளுக்கென்று தனியாகச் செய்து கொடுத்த சி6100-களும் இருக்கின்றன. வெளித்தோற்றம் ஒன்றே, உள்ளே போர்டில் எழுதியிருக்கும் அடிப்படை மென்பொருள் வேறு. பொது மாடலுக்கு உரியதை அதில் ஏற்றினால் போர்டு ஒரேயடியாகக் கண்ணை மூடிவிடும். எங்களுடையது அந்த ஜாதி. தம்பிக்குத் தெரியாது. புதுப்பிக்கிறேன் என்று நாலாவது நோட்டில் ஏற்றினான். அது பிறகு எழுந்திருக்கவில்லை.

அன்று ராத்திரி அவன் சாப்பிட வரவில்லை. காசிப் பணம் அல்லவா? அம்மா தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். "மீதி மூணும் நன்றாக இருக்கிறதோ இல்லையோ?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றே போதும் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. இந்த யந்திரங்களை 'பிராக்ஸ்மாக்ஸ்' என்ற இலவச மென்பொருளால் ஒரு குழுவாகச் சேர்த்திருந்தான். ஒன்று படுத்துவிட்டால் அதன் வேலையை மற்றொன்று எடுத்துக்கொள்ளும். ஆனால் படுத்தது எது என்று தீர்மானிக்க ஓட்டுப் போடவேண்டும். இரண்டே பேர் இருந்து ஒருவர் மௌனமானால் மிச்சமிருக்கும் ஒற்றை ஓட்டு பெரும்பான்மை ஆகாது; காரியம் நின்றுவிடும். மூவர் இருந்தால் இரண்டு ஓட்டு மிஞ்சும். எங்கள் வீட்டிலும் மூன்று பேர்தானே!

அம்மாவின் சமையல் குறிப்புகளை அதில் ஒரு பக்கமாகப் போட்டு, அவள் செல்போனில் தெரியும்படி செய்தான். பிறகு, அது எந்த நோட்டில் ஓடுகிறதோ அதன் பொத்தானை அம்மாவையே அழுத்திப் பிடித்து அணைக்கச் சொன்னான். குறிப்பு மறைந்தது. அம்மாவின் முகம் வாடியது. இரண்டு மூன்று நிமிஷத்துக்கெல்லாம் வத்தக்குழம்பு திரும்பி வந்தது. ஒருவர் பரணில் உள்ளதை அடுத்தவர் பரணிலும் நகல் எடுத்து வைக்கும் ஏற்பாடு செய்திருந்தானாம்.

மூன்றாவது பேட்டியில் அதே கேள்வி வந்தது. நாலாவது நோட்டைக் கொன்ற கதையைச் சொன்னான். எப்படிச் செய்திருக்கவேண்டும் என்று அரைமணி நேரம் பேசவிட்டார்களாம். 2020 ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்தான். மார்ச்சுக்குள் அம்மாவின் பணத்தில் பாதி திரும்பியது. அப்புறம் ஊரடங்கு வந்துவிட்டது. காசிக்கு 2022-ல்தான் போய் வந்தாள்.

இன்று உங்கள் பிள்ளை இதையே கேட்டால்? சி6100 மிகவும் கிழடாகிவிட்டது. அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கப் பழைய ஜாவா வேண்டும் என்று தம்பியே அலுத்துக்கொள்வான். ஆபீஸ்களிலிருந்து வரும் கைப்புத்தக அளவு மினி கம்ப்யூட்டர் மூன்று வாங்கினால் குழு அமைத்துப் பழகலாம். சும்மா இருக்கும்போது ஒவ்வொன்றும் பத்து வாட் சுமாருக்குத்தான் இழுக்கும், சத்தமும் இல்லை. டேட்டா சென்டரில்தான் வேலை என்று பிடிவாதமாக இருக்கிற பிள்ளைக்கு மட்டும் நாலு குடித்தனப் பெட்டி நல்லது என்பேன், அதுவும் சி6100-க்குப் பின்னால் வந்த மாடலாக. தம்பி இதை ஒப்புக்கொள்வதில்லை. கனமான இரும்பைத் தொட்டால்தான் பயம் தெளியும் என்பது அவன் கட்சி.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். ஒவ்வொரு நோட்டுக்குள்ளும் ஒரு குட்டிக் காவல்காரன் இருக்கிறான். நோட்டை அணைத்தாலும் அவன் விழித்திருப்பான். தூரத்திலிருந்தே யந்திரத்தை எழுப்ப அவன் வேண்டும். முந்தின சொந்தக்காரர் விட்டுப்போன பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடவேண்டும். இன்டர்நெட் பக்கம் அவன் தலை தெரியவே கூடாது. பெட்டியை அணைத்த பிறகும் கொஞ்சம் மின்சாரம் தின்றுகொண்டிருப்பவனும் அவனேதான்.

அம்மாவுக்கு இது தெரியும். பழைய சாமான்காரர் எடைக்குக் கேட்டும் அவள் கொடுக்காத அந்தப் பெட்டி இன்னும் மாடியில்தான் இருக்கிறது. எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை தம்பி ஓட்டுவான். பத்து மணி அடித்ததும் கீழேயிருந்து குரல் வரும்:

"பிளக்கைப் பிடுங்கினாயாடா?"