முழங்கையால் மூச்சு விடும் குழல்



பேக்பைப் என்றதும் நம் நினைவுக்கு வருவது ராணுவ பேண்டுதான். கன்னம் உப்ப ஊதிக்கொண்டே அணிவகுத்து வருவார்களே, அது ஸ்காட்லாந்து நாட்டு வாத்தியம். பக்கத்திலிருக்கும் அயர்லாந்தில் வாயே வைக்காமல் வாசிக்கும் பேக்பைப் ஒன்று உண்டு. அதன் பெயர் இல்லன் பைப்ஸ். ஐரிஷ் மொழியில் முழங்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

"வாய் வைக்காம எப்படிப்பா ஊதுறது?" என்று கேட்பீர்கள். கொல்லுப் பட்டறையில் இருக்கிற அதே துருத்திதான் பதில்!

காற்று போகும் பாதை

வாசிப்பவர் உட்கார்ந்துகொண்டு, வலது கை இடுக்கில் ஒரு சிறு துருத்தியை வாரால் கட்டிக்கொள்வார். இடது கை இடுக்கில் தோல் பை. முழங்கையைத் தூக்கினால் துருத்திக்குள் காற்று வரும். அழுத்தினால் பைக்குள் போகும். போன காற்று திரும்பி வராமலிருக்கத் தோல் மடிப்பு வால்வு இருக்கிறது. மெக்கானிக்கல் மாணவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். துருத்திதான் கம்ப்ரஸர், பைதான் ரிசீவர் டேங்க், வால்வு நம்ம நான்-ரிடர்ன் வால்வேதான்.

பையிலிருந்து காற்று மூன்று இடங்களுக்குப் போகிறது. முதலாவது, மெட்டு வாசிக்கும் சான்டர் குழல். இதற்குள்ளே நாதஸ்வரச் சீவாளி மாதிரி, இரண்டு தகடு சேர்ந்த நாணல் சீவாளி ஒளிந்திருக்கும். இரண்டாவது, சுருதி பிடிக்கும் மூன்று டிரோன் குழல்கள். மூன்றாவது, ரெகுலேட்டர் என்ற சாவிக் குழல்கள் மூன்று. விரல்கள் மெட்டை வாசிக்கும்போதே வலது மணிக்கட்டால் சாவியை அழுத்தி, பக்கச் சுரம் சேர்ப்பார்கள். ஆக, முழு செட் ஒன்றில் ஏழு சீவாளிகள்! புதிதாகக் கற்பவர் பை, துருத்தி, சான்டர் இவற்றோடுதான் தொடங்குவார்.

கஷ்டம் விரலில் இல்லை

ஸ்காட்லாந்துப் பைப்பில் ஒன்பது சுரம்தான். இதில் முழுசாக இரண்டு ஸ்தாயி. மேல் ஸ்தாயிக்குப் போக சான்டரின் அடிமுனையைத் தொடைமேல் ஊன்றி, துளைகளையெல்லாம் ஒரு கணம் மூடி, பையை இன்னும் கொஞ்சம் அழுத்தித் திறக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் சுரம் கீழே விழும், கூடினால் கீச்சிடும்.

இங்கேதான் சூட்சுமம். துருத்தி விட்டு விட்டுத்தான் காற்று தரும். சீவாளிக்கோ ஒரே சீரான அழுத்தம் வேண்டும். வலது கை மேலே போகிற நேரத்தில் இடது கை அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும். இந்த இரண்டு கையும் ஒத்துப்போகவே மாதக்கணக்காகும். கற்க ஏழு வருஷம், பயிற்சிக்கு ஏழு, வாசிக்க ஏழு, ஆக 21 வருஷம் என்று அயர்லாந்தில் ஒரு பேச்சே உண்டு.

முதலில் காற்று, கடைசியில் கத்தி

சத்தம் சரியில்லை என்றால் புதிதாகப் படிப்பவர் உடனே சீவாளியைத்தான் சந்தேகப்படுவார். கத்தியை எடுத்துச் சுரண்டியும் விடுவார். அங்கேதான் தப்பு! சுரண்டிய நாணல் திரும்ப வளராது. பழுது பார்ப்பதில் ஒரு வரிசை இருக்கிறது.

1. லீக் டெஸ்ட்: குழல்களைக் கழற்றி, துவாரங்களை அடைத்து, பையை நிரப்பி அழுத்துங்கள். பை இளகினால் எங்கோ கசிவு. தையல், மூட்டு, வால்வு மூன்றையும் பாருங்கள்.

2. மூட்டுகள்: மரம் வறட்சியில் சுருங்கும், மூட்டு லூஸாகும். மெழுகு தடவிய நூல் இரண்டு சுற்று போதும். இறுக்கித் திணித்தால் மரம் வெடிக்கும்.

3. வால்வு: தூசு படிந்தாலோ, தோல் வளைந்தாலோ காற்று திரும்பிவிடும்.

4. ஈரப்பதம்: சீவாளி வானிலைக்கு ஏற்ப மாறும். ஹீட்டர் பக்கத்திலோ வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ பெட்டியை வைக்கக் கூடாது. புது இடம் போனால் முதலில் வாத்தியம் அந்த அறைக்குப் பழகட்டும்.

5. எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வராவிட்டால், சீவாளியைச் சுற்றியுள்ள உலோகப் பட்டையை மயிரிழை அளவு நகர்த்திப் பாருங்கள். இதைத் திருப்பி வைத்துவிடலாம். கத்தி? அது தெரிந்தவர் கைக்குத்தான்.

இன்னொன்று. சான்டர் சீவாளியை வாயால் ஊதிப் பார்க்கவே கூடாது. துருத்தியின் உலர்ந்த காற்றுக்காக மெலிதாகச் செய்தது அது. எச்சில் ஈரம் அதைக் கெடுக்கும். பத்திரமாக வைத்திருந்தால் ஒரே சீவாளி பல வருஷம் உழைக்கும்.

கை மாறிய வித்தை

இதெல்லாம் வெறும் பராமரிப்புக் குறிப்பு இல்லை நண்பர்களே. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இல்லன் பைப்ஸ் வாசிப்பவர்கள் மிகவும் குறைந்து போனார்கள். குழல் இருந்தது, ஆனால் சீவாளி செய்யவும் பழுது பார்க்கவும் தெரிந்த கைகள் குறைந்துவிட்டால் குழல் வெறும் மரம்தானே! டப்ளின் நகரத்து லியோ ரௌசம் (1903–1970) தானே வாசித்தார், தானே செய்தார், பிறருக்கும் சொல்லிக் கொடுத்தார். 1968-ல் வாசிப்பவர்கள் ஒன்றுகூடி 'நா பீபரி இல்லன்' என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். 1973-ல் காலமான வில்லி கிளான்சியின் பெயரில் அதே ஆண்டு முதல் கிளேர் மாவட்டத்தில் கோடைக்காலப் பள்ளி நடக்கிறது. அங்கே வாசிப்போடு சீவாளி செய்யவும் கற்றுத் தருகிறார்கள். 2017-ல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பாட்டைக் காப்பாற்ற பாடகர் மட்டும் போதாது, பழுது பார்க்கிறவரும் வேண்டும். மெஷின் நின்றதும் ஸ்பேனரைத் தூக்குகிற நமக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. திரும்பச் சரிசெய்ய முடிந்ததை முதலில் செய், முடியாததைக் கடைசிக்கு வை. லேத்திலும் சரி, குழலிலும் சரி, நல்ல டெக்னீஷியனுக்கு அடையாளம் அந்தப் பொறுமைதான்.