பசியைத் தூண்டும் கஷாயம், பசியை மறைக்கும் டீ

நடவுக்கோ களையெடுப்புக்கோ ஆள் விட்டால், காலையில் வயலுக்கு முதலில் போவது டீதான். “ஒரு டீய ஊத்திக்கிட்டா மதியம் வரைக்கும் பசி தெரியாது” என்று சொல்லிக்கொண்டே குடிப்பாங்க. பசி தெரியாது என்கிறார்களே தவிர, பசி தீர்ந்தது என்று சொல்வதில்லை. டீயில் உள்ள காஃபீன் கொஞ்ச நேரத்துக்குப் பசியை மறைக்குது. பாலும் சர்க்கரையும் வயிறு ரொம்பின மாதிரி காட்டுது. ஆனால் வேலை செய்யும் உடம்புக்கு வேண்டிய சாப்பாடு உள்ளே போகவில்லை.

டீயின் துவர்ப்புக்குக் காரணம் டானின் வகைச் சத்துகள். சாப்பாட்டோடு டீ குடித்தால், கீரை, பயறு, தானியங்களில் இருக்கும் இரும்புச்சத்தை அவை பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. காரணம் டீ மட்டுமல்ல. ஆனாலும் சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுவது நம்ம கையில்தான் இருக்கு.

அப்படின்னா மூலிகைத் தேநீர் குடிக்கலாமா? குடிக்கலாம். ஆனால் எல்லா மூலிகையும் ஒரே வேலை செய்யாது. நாக்கில் படும் சுவையே ஓரளவு வழி காட்டும்.

காரமும் மணமும்: சுக்கு, மிளகு, சீரகம், ஓமம், புதினா. இவை எச்சிலை ஊற வைக்கும். இஞ்சியும் சுக்கும் இரைப்பையில் உள்ளதைச் சீக்கிரம் கீழே தள்ள உதவும். மந்தம் விலகினால் பசி தானே எடுக்கும்.

கசப்பு: நிலவேம்பு போன்றவை. நாக்கில் கசப்பு பட்டதும் செரிமான நீர்கள் சுரக்கத் தொடங்கும். அளவு குறைவாக இருக்கணும், தினமும் வேண்டாம்.

துவர்ப்பு: கொய்யா இலை, ஆவாரை. வயிற்றுப்போக்குக்குக் கொய்யா இலைக் கஷாயம் கொடுப்பது நம்ம வழக்கம். ஆவாரம்பட்டையைத் தோல் பதனிட எடுப்பதே அதில் டானின் நிறைய இருப்பதால்தான். பசிக்காக இவற்றைக் குடிக்க வேண்டாம்.

வெந்தயம்: இதன் நார்ச்சத்து தண்ணீரில் ஊதி, வயிறு நிறைந்த உணர்வைத் தரும். எடை குறைக்க நினைப்பவருக்கு ஆகும். பசியே எடுக்காத பிள்ளைக்கு ஆகாது.

வீட்டுக்கான பொடி: சுக்கு 50 கிராம், கொத்தமல்லி விதை 100 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் 4. லேசாக வறுத்துப் பொடித்து வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் போட்டு, முக்கால் டம்ளராகும் வரை கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். கருப்பட்டி கொஞ்சம் போதும். இனிப்பு கூடினால் பசி அடங்கிப்போகும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் அரை டம்ளர் குடித்தால் போதும். வயல் வேலைக்காரர்களுக்கு இதைக் கொடுத்துவிட்டு, பின்னாலேயே கம்பங்கூழோ கேப்பைக்கூழோ கொடுங்கள். பசியைத் தூண்டிவிட்டு வெறும் வயிற்றோடு வேலை வாங்கக் கூடாது.

புதினா, துளசி, எலுமிச்சைப்புல் மூன்றும் தண்ணீர் வழியும் வாய்க்கால் ஓரத்திலேயே வளரும். தேநீருக்கு இலையை அப்படியே கொதிக்க வைக்கிறோம். அதனால் ரசாயன மருந்து தெளித்த வயலை ஒட்டிப் பறிக்காதீங்க. பஞ்சகவ்யமோ ஜீவாமிர்தமோ தெளித்திருந்தாலும் சில நாள் விட்டுப் பறித்து, நன்றாகக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள்.

வயிற்றுப்புண் உள்ளவர்கள் மிளகு, சுக்கைக் குறைக்கணும். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டே குடிக்கணும். ஒரு வாரத்துக்கு மேல் பசியில்லை, எடை இறங்குது, கண் மஞ்சளா இருக்கு என்றால் கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தாதீங்க. அதற்குப் பின்னால் குடற்புழுவோ மஞ்சள்காமாலையோ வேறு நோயோ இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.