கரன்ட் போனால் ஷெட் ஷட்டர் திறக்குமா?

‘டிராக்டர் நிறுத்த ஷெட் கட்டி, 12 அடி அகலத்தில் மோட்டார் ஷட்டர் போட்டிருக்கிறோம். ஷெட்டுக்கு வேறு வாசல் கிடையாது. சமீபத்தில் பெய்த மழையில் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி இரண்டு நாள் கரன்ட் இல்லை. டிராக்டர், ஸ்பிரேயர், ஜெனரேட்டர் எல்லாமே உள்ளே மாட்டிக்கொண்டன. கரன்ட் இல்லாதபோது வெளியிலிருந்து ஷட்டரைத் திறக்க வழி இருக்கிறதா?’

திருவாரூர் மாவட்ட வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி இது. கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால், கட்டுரையாகவே எழுதுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

வழி இருக்கிறது. ஆனால், பெரும்பாலான வழிகளைக் கரன்ட் இருக்கும்போதே செய்து வைத்திருக்க வேண்டும். கரன்ட் போன பிறகு, மூடிக் கிடக்கும் ஷட்டருக்கு வெளியே நின்று செய்யக்கூடியது மிகக் குறைவு.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, டெல்டாவில் மின்கம்பங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. உள்ளடங்கிய கிராமங்களுக்குக் கரன்ட் வரப் பல வாரங்கள் ஆயின. வாடகை ஜெனரேட்டர் வைத்துத்தான் குடிதண்ணீர் ஏற்றினார்கள். அப்படியொரு நாளில் விழுந்த மரத்தை இழுக்க டிராக்டர் வேண்டும், அறுக்க ரம்பம் வேண்டும், பிய்ந்த கூரையை மூடத் தார்ப்பாய் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் ஜெனரேட்டர் வேண்டும். இவை அத்தனையும் எங்கே இருக்கும்? அந்த ஷட்டருக்குப் பின்னால்தான்.

ரிமோட்டில் பேட்டரி இருந்தால் போதாதா?

பலருக்கும் இந்த எண்ணம் இருக்கிறது. ரிமோட்டில் இருக்கும் சின்ன பேட்டரி சிக்னல் அனுப்ப மட்டும்தான். அந்த சிக்னலை வாங்கும் பெட்டிக்கும், ஷட்டரைத் தூக்கும் மோட்டாருக்கும் வீட்டு கரன்ட்தான் வேண்டும்.

கரன்ட் இல்லையென்றால் மோட்டார் சும்மா நிற்பதோடு சரி, கையால் தூக்கிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. கரன்ட் நின்றதும் மோட்டாரில் உள்ள பிரேக் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளும். பாதி வழியில் கரன்ட் போனாலும் ஷட்டர் தலையில் விழாமல் நிற்பது அதனால்தான். 12 அடிக்கு 12 அடி இரும்பு ஷட்டர் 150 கிலோவுக்குக் குறையாது. அதைக் கடப்பாரை போட்டு நெம்பினால் அடிப்பட்டையும் கைடும் வளையும், கதவு திறக்காது. அதன்பிறகு கரன்ட் வந்தாலும் ஷட்டர் ஓடாது.

உங்கள் ஷட்டர் எந்த வகை?

இன்றே ஷெட்டுக்குள் போய் மேலே பாருங்கள். ஷட்டர் சுருளும் உருளையின் ஒரு ஓரத்தில் மோட்டார் உட்கார்ந்திருந்தால் அது சைடு மோட்டார். டிராக்டர் ஷெட், நெல் குடோன் போன்ற பெரிய ஷட்டர்களுக்கு அநேகமாக இதுதான். மோட்டாரிலிருந்து வளையமாக ஒரு செயின் தொங்கும். கரன்ட் இல்லாதபோது இந்த செயினின் ஒரு பக்கத்தை இழுத்தால் ஷட்டர் ஏறும். மறுபக்கத்தை இழுத்தால் இறங்கும். பல் சக்கரம் வழியாக ஏறுவதால் பாரம் தெரியாது. ஆனால், நேரம் பிடிக்கும். இரண்டு பேர் மாறி மாறி இழுக்கலாம். முழுவதும் ஏற்ற வேண்டியதில்லை, டிராக்டர் தலை தட்டாமல் வெளியே வரும் உயரம் போதும்.

இதே மோட்டாரில் தனியாக ஒரு சின்னக் கயிறோ லீவரோ இருக்கலாம். அது பிரேக்கை விடுவிப்பதற்கு. திறந்திருக்கும் ஷட்டரை இறக்கத்தான் அது உதவும். மூடிய ஷட்டரைத் தூக்காது. ஷட்டருக்கு அடியில் ஆள் நிற்கும்போது அதைத் தொடவே கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் சுற்றிக் கட்டி வையுங்கள்.

கடைகளில் போடும் சின்ன ஷட்டர்களில், உருளையின் நடுவிலேயே மோட்டார் இருக்கும். இருபுறமும் ஸ்பிரிங் இருப்பதால் இதில் பாரம் குறைவு. மோட்டாரிலிருந்து வரும் பிரேக் கேபிளை இழுத்து விடுவித்தால், இரண்டு பேர் சேர்ந்து சாதாரண ஷட்டர் போலக் கையால் தூக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மொத்தப் பாரமும் கையில் இறங்கும். அதனால் ஒருமுறை பட்டப்பகலில், மெயினை அணைத்து, ஷட்டர்காரரை வைத்துக்கொண்டு சோதித்துவிடுங்கள்.

மோட்டாரே இல்லாமல், ஹேண்டிலைச் சுழற்றித் திறக்கும் கியர் ஷட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. நாளுக்கு ஒருமுறை திறக்கும் டிராக்டர் ஷெட்டுக்கு அதுவே போதும் என்பது எங்கள் கருத்து. செலவும் குறைவு, கரன்ட்டை நம்பியும் இல்லை.

வெளியிலிருந்து திறக்க...

செயினும் கேபிளும் இருப்பது உள்ளே. நீங்கள் நிற்பது வெளியே. சிக்கல் இதுதான். ஆகவே முதல் வேலை, ஆள் உள்ளே போக ஒரு பக்கக் கதவு வைப்பது. இரண்டரை அடி அகலத்தில் இரும்புக் கதவும் நல்ல பூட்டும் இருந்தால் போதும். உள்ளே போய் செயினை இழுத்துவிடலாம். கரன்ட் போய் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டாலும் வெளியே வர இதுதான் வழி. மூடிய ஷெட்டுக்குள் டிராக்டரையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டால், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். அதனால் பக்கக் கதவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும்படி, தாழ்ப்பாள் மட்டும் வைத்துப் பொருத்துங்கள்.

சுவரில் கதவு வைக்க இடமே இல்லை என்பவர்கள், செயின் தொங்கும் இடத்துக்கு நேராக, நெஞ்சு உயரத்தில் ஒரு சின்ன இரும்பு ஜன்னல் வைக்கலாம். வெளியே பூட்டு. திறந்து கையை விட்டு செயினை இழுக்க வேண்டியதுதான். வசதியான ஏற்பாடு என்று சொல்ல மாட்டோம். ஆனால், வேலை நடக்கும். ஆள் நுழைய முடியாத அளவுக்கு ஜன்னல் சின்னதாக இருக்கட்டும். நடு மோட்டார் ஷட்டர் என்றால், பிரேக் கேபிளைச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து, சாவி போட்ட சின்னப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். ஷட்டர் பொருத்துபவரிடம் முன்கூட்டியே சொன்னால் மாட்டித் தருவார். பெட்டியைத் திறந்தால் ஷட்டரையே திறந்த மாதிரி. அதனால் சாவி வீட்டில் இருக்கட்டும். நிலைப்படி மேலேயும் பூந்தொட்டிக்கு அடியிலும் தேடத் திருடனுக்கும் தெரியும்.

ஜெனரேட்டர் வீட்டில் இருக்கிறது, அல்லது பக்கத்துத் தோட்டத்தில் வாங்கலாம் என்றால் இன்னொரு வழி. ஷெட்டின் வெளிச்சுவரில் மழை படாத இடத்தில், ஜெனரேட்டர் வயரைச் செருக ஒரு பிளக் இணைப்பு, கூடவே சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஜெனரேட்டரை ஓடவிட்டு, சுவிட்சை அந்தப் பக்கம் தள்ளி ஷட்டரைத் திறக்கலாம். சேஞ்ச் ஓவர் இல்லாமல் ஜெனரேட்டர் வயரை சாக்கெட்டில் செருகும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த கரன்ட் திரும்பி லைனுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் வழியாக உயர் அழுத்தமாக மாறும். ‘லைனில் கரன்ட் இல்லை’ என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரிய ஊழியரின் உயிரை அது வாங்கும்.

இன்வெர்ட்டரில் ஓடாதா என்று கேட்பீர்கள். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் வைத்த இன்வெர்ட்டர் அதைத் தாங்காமல் டிரிப் ஆகிவிடும். ஷட்டருக்கென்றே யு.பி.எஸ். உண்டு. அதன் பேட்டரியைக் கவனிக்காமல் விட்டால் தேவையான அன்று கைவிடும். மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு ஷட்டரை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாகாணத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2017-ல் அங்கே காட்டுத்தீ பரவி கரன்ட் போனபோது, கராஜ் கதவைத் திறக்க முடியாமல் காரை வெளியே எடுக்க இயலாத முதியவர்கள் தவித்தார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. அதையடுத்து 2019 ஜூலை முதல், அங்கே வீடுகளுக்கு விற்கும் கராஜ் கதவு மோட்டார்களில் பேட்டரி கட்டாயம். நம் ஊரில் நாமே கேட்டு வாங்கினால்தான் உண்டு.

எந்த ஏற்பாடும் இல்லை, இப்போது மூடிக் கிடக்கிறது!

முதலில் ஷட்டர் சுருள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சில ஷெட்களில் சுருள் பெட்டி வெளிப்பக்கமாக இருக்கும். அப்படியானால் ஷட்டர்காரர் ஏணி வைத்து மூடியைக் கழற்றி, வெளியிலிருந்தே மோட்டாரை எட்டிவிடுவார். சுருள் உள்பக்கம் என்றால், ஆள் நுழையும் அளவு ஜன்னலோ வென்டிலேட்டரோ இருக்கிறதா என்று பார்த்து, அதன் கிரில்லைக் கழற்றுவதுதான் குறைந்த சேதம். தகரக் கூரையாக இருந்தால், ஓரத்துத் தகட்டின் ஸ்க்ரூக்களை ஏணியில் நின்றபடியே கழற்றி வழி எடுக்கலாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மீது மட்டும் யாரும் ஏறாதீர்கள். மழையில் நனைந்த பழைய ஷீட் ஆள் பாரம் தாங்காது. உடைந்தால் கீழே கலப்பை, கல்டிவேட்டர் மேல்தான் விழ வேண்டியிருக்கும்.

உள்ளே இறங்கியதும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் செயினைத் தொடுங்கள். மூலையில் குவிந்து கிடக்கும் செயினுக்குள் மழைக்காலத்தில் பாம்போ தேளோ ஒதுங்கியிருக்கும். செயினைத் தரையில் போடாமல் ஒரு கொக்கியில் மாட்டி வைப்பது நல்லது.

செயினை இழுப்பதற்கு முன் ஷட்டருக்கான மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். நீங்கள் இழுத்துக்கொண்டிருக்கும்போது கரன்ட் வந்து, யாராவது ரிமோட்டை அழுத்திவிட்டால் விரல் செயினில் சிக்கும். சைடு லாக், சென்டர் லாக் போட்டிருந்தால் முதலில் அதைத் திறக்க வேண்டும். பூட்டு போட்டபடி ஏற்றினால் பட்டைகள் மடங்கிவிடும்.

ஷட்டர் பற்றி வாசகர்கள் கேட்ட வேறு இரண்டு கேள்விகள்

*மும்முனை மோட்டார் ஷட்டர் போடலாமா?*

சாதாரண டிராக்டர் ஷெட்டுக்கு ஒருமுனை மோட்டாரே போதும். மும்முனையில் ஒரு ஃபேஸ் போனாலே ஷட்டர் நின்றுவிடும். தொடர்ந்து அழுத்தினால் காயில் கருகும். ஒருமுனை மோட்டார் என்றால் சின்ன ஜெனரேட்டரிலும் ஓட்டிக்கொள்ளலாம். எதுவானாலும், பம்ப்செட்டுக்கான இலவச மின்இணைப்பிலிருந்து ஷெட்டுக்கு வயர் இழுக்கக் கூடாது.

*செயினால் திறந்த பிறகு, கரன்ட் வந்ததும் ரிமோட் வேலை செய்யுமா?*

செய்யும். செயினைக் கொக்கியில் மாட்டி, பிரேக் கேபிளை விடுவித்திருந்தால் பழையபடி பொருத்திவிட்டு, மெயினைப் போடுங்கள். முதல் முறை ரிமோட்டில் ஓட்டாமல், சுவரில் இருக்கும் பட்டனில் ஓட்டுங்கள். ‘ஸ்டாப்’ பட்டன் மேல் விரல் இருக்கட்டும். மேலேயும் கீழேயும் வழக்கமான இடத்தில் தானாக நிற்கிறதா என்று கவனியுங்கள். நிற்காமல் ஓடினால் உடனே நிறுத்திவிட்டு ஷட்டர்காரரைக் கூப்பிடுங்கள். லிமிட் சுவிட்ச் மாறியிருக்கும், அதை அவர்தான் சரிசெய்ய வேண்டும்.