குடிக்கு உதவி கேட்டு யார் வருகிறார்கள்?

இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத் தேயிலைத் தோட்டமானாலும் சரி, எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்க ரப்பர் தோட்டமானாலும் சரி, குடியை விட வழி கேட்டு முதலில் வாய் திறப்பவர் பெரும்பாலும் குடிக்கிறவர் அல்ல. அவருடைய மனைவி, இல்லாவிட்டால் தாய். கோயிலில் நேர்த்தி வைப்பதும், மந்திரித்த கயிறு வாங்கி வருவதும், லயத்துக்கு வரும் மிட்வைஃபிடம் காதோடு சொல்வதும் அவர்கள்தான்.

ஆண் ஏன் வருவதில்லை? சம்பள நாளில் லயமே குடிக்கும்போது தன் குடி மட்டும் அவருக்கு மிகையாகத் தெரிவதில்லை. "உடம்பு வலிக்குக் கொஞ்சம் போடுறேன், நான் என்ன குடிகாரனா?" என்பார். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேரும் சம்பளமும் போய்விடும். அங்கே பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில். ஆனால் அவர் மருந்துக்கே போகாதவர் அல்ல. வயிற்றெரிச்சல், விழுந்த காயம், கால் வீக்கம் என்று தோட்ட டிஸ்பென்சரிக்குப் போகிறார். மாத்திரை கிடைக்கிறது. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று அங்கே ஒரு கேள்வி கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பேன்.

குடிக்கிற பெண்ணின் நிலை வேறு. 2015இல் நாடு முழுக்க எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், அண்மையில் குடித்ததாகச் சொன்ன ஆண்கள் மூன்றில் ஒருவர். பெண்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. வெளியே சொல்லாதவர்களும் இருப்பார்கள். சட்டமும் சொல்ல விடுவதாக இல்லை. பெண்ணுக்கு மது விற்கக் கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை ரத்துச் செய்ய வைத்தார். குடிக்கிற ஆணுக்குப் பரிதாபம் கிடைக்கும், பெண்ணுக்குக் 'குடிகாரி' என்ற பட்டம்தான். பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. கணவனுக்காக மனைவி அலைவதைப் போல மனைவிக்காக அலையும் கணவன் அபூர்வம். உடலும் அவளுக்கு எதிராகவே நிற்கிறது: பெண் உடலில் நீர் குறைவு என்பதால் அதே அளவு மது இரத்தத்தில் கூடுதலாக ஏறும், ஈரல் சீக்கிரம் கெடும். அவள் மனம் விட்டுப் பேசக்கூடிய ஆள் கர்ப்பம், குழந்தை நிறை என்று அடிக்கடி சந்திக்கும் மிட்வைஃப்தான்.

கணவனுக்காக அலைகிற பெண்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். குடியை மறக்கடிக்கும் என்று யாரோ தரும் மாத்திரையைச் சோற்றில் ஒளித்துக் கொடுக்காதீர்கள். அது டைசல்பிரம் என்ற மருந்தாக இருக்கலாம்; அது உள்ளே இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அதை எடுப்பவர் தெரிந்தே எடுக்க வேண்டும். அடுத்து, காலையில் கை நடுங்குகிற அளவுக்கு வருடக்கணக்காகக் குடித்தவரை விரத மாலை போட வைத்து ஒரே நாளில் நிறுத்தச் செய்யாதீர்கள். முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி இல்லாதது தெரியலாம். அப்படி வந்தால் பேய் பிடித்தது என்று பூசாரியைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நிறுத்துவதை டாக்டரிடம் கேட்டு, மருந்தோடு செய்யலாம்.

அவர் வர மறுத்தாலும் உங்களுக்கென்று உதவி கேட்கலாம். அமெரிக்காவில் குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பு 1951இல் தொடங்கியது, தொடங்கியவர்கள் மனைவிமார். இங்கே இரத்தினபுரி, கேகாலை போதனா வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. மனநல உதவிக்கு 1926. வீட்டில் அடி விழுந்தால் பெண்களுக்கான இலக்கம் 1938.