ஈரமான மோட்டார் அறைக்கு எந்த மல்டிமீட்டர்?

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. ஐப்பசி, கார்த்திகை மழையில் மோட்டார் நின்றுவிட்டால் எலக்ட்ரீஷியன் வரும்வரை பலர் காத்திருப்பதில்லை. டெஸ்டரையோ, கடையில் 200, 300 ரூபாய்க்கு வாங்கிய மல்டிமீட்டரையோ எடுத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். காலடியில் சேறு, சுவரில் ஓதம், பெட்டிக்குள் 415 வோல்ட். இந்த இடத்தில் மீட்டர் சரியில்லை என்றால் போவது மோட்டார் மட்டுமல்ல, உயிரும்தான்.

டெஸ்டர் ஏன் போதாது?

டெஸ்டரில் விளக்கு எரிவதே, மிகச் சிறிய அளவு மின்சாரம் பிடித்திருப்பவரின் உடல் வழியாகத் தரைக்குப் போவதால்தான். அந்த அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பது உள்ளே இருக்கும் சின்ன மின்தடை. டெஸ்டருக்குள் நீர் புகுந்தால் மின்சாரம் அந்தத் தடையைத் தாண்டி நேராகக் கைக்கு வரலாம். மேலும், விளக்கு எரிவதை வைத்து 180 வோல்ட் வருகிறதா, 240 வோல்ட் வருகிறதா என்று சொல்ல முடியாது. மோட்டார் ஓடும்போது ஒரு ஃபேஸ் போய்விட்டால், மற்ற இரண்டிலிருந்து சுருள் வழியாகத் திரும்பி வரும் மின்சாரத்தால் மூன்றாவது ஒயரிலும் டெஸ்டர் எரியும். மூன்று ஃபேஸும் இருக்கிறது என்று நம்பி ஓட்டினால் சுருள் கருகிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது 'கேட்' எண்

இடி, மின்னலாலும், பக்கத்து மோட்டார்களைப் போட்டு நிறுத்துவதாலும் மின்கம்பியில் கண நேரத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும். அதைத் தாங்காத மீட்டர் கையிலேயே வெடிக்கும். ஆகவே மீட்டரின் முகப்பில், ஒயர் சொருகும் துளைகளுக்கு அருகில் 'கேட்' என்ற ஆங்கில எழுத்துகளையும் அடுத்துள்ள ரோமன் எண்ணையும் பார்க்க வேண்டும். இரண்டு கோடு இருந்தால் கேட் 2. வீட்டு பிளக்கில் சொருகும் சாதனங்களுக்கு உரியது. மூன்று கோடு என்றால் கேட் 3. ஸ்டார்ட்டர், பேனல் போர்டு, நிலையாகப் பொருத்திய மோட்டார் ஆகியவற்றுக்கு உரியது. கேட் 4 என்பது மின்கம்பத்திலிருந்து லைன் வந்து இறங்கும் இடம், மின்வாரிய மீட்டர் பெட்டி ஆகியவற்றுக்கு உரியது.

இரண்டு மீட்டரில் 600 வோல்ட் என்றே அச்சிட்டிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. கேட் 2 மீட்டர் 4,000 வோல்ட் பாய்ச்சலைத் தாங்குகிறதா என்று சோதிக்கப்படுகிறது. கேட் 3 மீட்டருக்கு அந்தச் சோதனை 6,000 வோல்ட். மோட்டார் அறைக்குக் குறைந்தது கேட் 3, 600 வோல்ட் வேண்டும். கூடவே கேட் 4, 600 வோல்ட் என்றும் இருந்தால் இன்னும் நல்லது. எந்த எண்ணும் இல்லாத மீட்டரைத் தொடவே வேண்டாம்.

ஃபியூஸையும் கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடி ஃபியூஸ் பெரிய மின்னோட்டத்தில் வெடித்துச் சிதறும். மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ், அதாவது எச்.ஆர்.சி. ஃபியூஸ், தீப்பொறியை உள்ளேயே அடக்கிவிடும். மலிவான மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது. ஒயர் அந்தத் துளையில் இருப்பதை மறந்து வோல்ட் பார்த்தால், இரண்டு ஃபேஸையும் நேராக இணைத்தது போலாகிவிடும்.

'ஐ.பி.' எண் சொல்வது என்ன?

தூசியும் நீரும் புகாமல் மீட்டர் எவ்வளவு தாங்கும் என்பதை ஐ.பி. எண் காட்டுகிறது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. ஐ.பி. 54 என்றால் சாரலும் தெறிப்பும் தாங்கும். ஐ.பி. 67 என்றால் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது. கூரை ஒழுகாத அறைக்கு ஐ.பி. 54 போதும். தொட்டி ஓரத்திலும் வாய்க்காலிலும் கை தவறி விழும் வாய்ப்பு இருந்தால் ஐ.பி. 67 வாங்கலாம்; விலை கூடுதல்தான்.

'ஐ.பி. 67 மீட்டர் என்றால் ஈரக் கையோடு பிடிக்கலாமா?' என்று விவசாயிகள் கேட்பதுண்டு. கூடாது. அந்த எண் மீட்டரின் உள்பாகத்தைக் காப்பாற்றுமே தவிர, பிடித்திருப்பவரைக் காப்பாற்றாது. ஒயரின் மேல் நீர்ப்படலம் இருந்தால் அதன் வழியே மின்சாரம் விரலுக்கு வரும். நீருக்கு ஐ.பி., மின்சாரத்துக்கு கேட். ஒன்று இருந்தால் மற்றது இருப்பதாக எண்ணக் கூடாது.

ஒயரும் முனையும்

மீட்டருக்கு இருக்கும் அதே கேட் எண் ஒயரிலும் அச்சிட்டிருக்க வேண்டும். கேட் 3 வேலைக்கு முனையில் வெளியே தெரியும் உலோகம் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நீளமான முனை வழுக்கினால் இரண்டு ஃபேஸையும் சேர்த்துவிடும். உறை வெடித்த ஒயருக்கு டேப் சுற்றாமல் புது ஒயர் மாற்றுவதே சரி.

ஆம்பியர் பார்க்க, கம்பியைப் பிரிக்காமல் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மீட்டரே ஏற்றது. ஒரு நேரத்தில் ஒரு கம்பியை மட்டும் கவ்வ வேண்டும். மூன்றையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று கழித்துப் பூஜ்யம் காட்டும். வரும் அளவை மோட்டாரின் பெயர்ப்பலகையோடு ஒப்பிட வேண்டும். நீண்ட கேபிளில், மின்சாரம் வராத ஒயரும் பக்கத்து ஒயரின் தாக்கத்தால் பொய் வோல்ட் காட்டுவது உண்டு. 'லோ-இசட்' வசதியுள்ள மீட்டரில் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும்.

அளக்கும் முறை

கையைத் துடைத்து, காய்ந்த ரப்பர் செருப்போடு உலர்ந்த பலகை மேல் நிற்க வேண்டும். ஸ்டார்ட்டரை நிறுத்திவிட்டு, மெயின் சுவிட்சுக்கு லைன் வரும் பக்கத்தில் இரண்டிரண்டு ஃபேஸாக மூன்று முறை பார்க்க வேண்டும். மூன்றும் ஏறத்தாழ 415 என்றால் சப்ளை சரி. ஒன்று மட்டும் சரியாக இருந்து மற்ற இரண்டும் குறைந்தால் ஒரு ஃபேஸ் இல்லை. கம்பத்தில் கை வைக்காமல் மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்ல வேண்டும்.

பழுது பார்க்கும் முன் மெயினை நிறுத்தி, ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிய பின்னும் ஒரு சோதனை உண்டு. மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் மீட்டரை வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி முதல் இடத்திலேயே பார்க்க வேண்டும். மீட்டர் இடையில் பழுதாகிப் பூஜ்யம் காட்டினால் அது இந்த மூன்றாவது பார்வையில் தெரிந்துவிடும். சிங்கிள் ஃபேஸ் பேனலில் உள்ள கெப்பாசிட்டர், மெயினை நிறுத்திய பிறகும் ஷாக் அடிக்கும். அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட வேண்டும்.

நீர்மூழ்கி மோட்டாரின் சுருளில் நீர் இறங்கியிருக்கிறதா என்பதை மல்டிமீட்டரை வைத்து முடிவு செய்ய முடியாது. அது ஓம் பார்க்கச் செலுத்துவது சில வோல்ட்தான். 500 வோல்ட் மெக்கரில் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். அதற்குக் கீழே போனால் மோட்டாரை ஓட்டக் கூடாது.

வாங்கிய மீட்டரை மோட்டார் அறையில் யூரியா, பொட்டாஷ் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. உரம் ஈரத்தை இழுத்துச் செம்பு முனைகளை அரித்துவிடும். பேட்டரி மூடியில் உள்ள ரப்பர் வளையம் வெடித்துவிட்டால் ஐ.பி. 67 வெறும் எழுத்துதான். வேலை இல்லாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி, மீட்டரை மூடியுள்ள டப்பாவில் போட்டு வீட்டுக்குள் வைப்பது நல்லது.

கடைக்குப் போகும்போது நினைவில் வைக்க வேண்டியவை நான்கே: கேட் 3, 600 வோல்ட், பீங்கான் ஃபியூஸ், அதே கேட் எண் உள்ள ஒயர், ஐ.பி. 54க்குக் குறையாத உறை. பணம் போதவில்லை என்றால் கடைசியாகச் சொன்னதில் மட்டும் விட்டுக்கொடுக்கலாம். மீட்டரை நனையாமல் நாமே பார்த்துக்கொள்ள முடியும். மற்ற மூன்றில் உள்ள குறையை எந்தக் கவனத்தாலும் ஈடுகட்ட முடியாது.