புதுப்பித்த எஞ்சினும் முதல் 500 மைலும்

ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, ஹாரோ, டூட்டிங் ஆகிய இடங்களில் வாழும் நம்மவர்களில் பலர், நெடுங்காலம் உழைத்த காரை விற்க மனம் இடங்கொடாமல், ஆயிரக்கணக்கான பவுண் செலவிட்டு அதன் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்து, சில மாதங்கள் கழிவதற்குள் புகைக்குழாயில் நீலப் புகையும் டிப்ஸ்டிக்கில் எண்ணெய்க் குறைவும் கண்டு கலங்கி நிற்பதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ரசீது எங்கே என்று கேட்டால், “தெரிஞ்ச பெடியன்தானே அண்ணை, கையிலை காசாக் குடுத்தன்” என்பார்கள். எஞ்சினை எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டால், “ஒவ்வொரு நாளும் காலமை வீட்டு வாசலிலை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டனான்” என்பார்கள். முதல் விடை வழக்கைக் கெடுக்கிறது. இரண்டாவது விடை எஞ்சினையே கெடுக்கிறது.

புதுப்பித்த சிலிண்டரின் உட்சுவரை உற்றுப் பார்த்தால், ஹோனிங் கல் இழைத்த மெல்லிய கீறல்கள் பாய்ப் பின்னலைப்போல ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்வதைக் காணலாம். அக்கீறல்களின் கூர்முனைகள் பிஸ்டன் ரிங்குகளோடு உராய்ந்து மழுங்கி, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று இணங்குவதற்குக் கிடைக்கும் அவகாசம் மிகச் சொற்பம். அதன் பெரும்பகுதி முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே கழிந்துவிடுகிறது. ரிங்கைச் சுவரோடு நெருக்குவது எரியும் வாயுவின் அழுத்தம். பாரம் ஏதுமின்றி வாசலில் நின்று உறுமும் எஞ்சினில் அந்த அழுத்தம் போதாமையால், எண்ணெய் சுவரிலேயே வெந்து பளபளப்பான படலமாகப் படிந்து கீறல்களை மூடிவிடும். பிறகு மீண்டும் பிரித்து ஹோன் செய்வதைத் தவிர வேறு பரிகாரம் காண்பது அரிது. 1950களில் இந்நாட்டுக் கார்களின் பின்கண்ணாடியில் ‘ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்’ என்ற அறிவிப்பு ஒட்டியிருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும் இக்காலத்துக் கார்களுக்கு அவ்வளவு கவனம் வேண்டியதில்லை என்று ஆனபின், கராஜில் புதுப்பித்த எஞ்சினுக்கு அது இன்றும் அவசியம் என்பதையே ஜனங்கள் மறந்துவிட்டார்கள்.

ஆகவே வாசலில் ஓடவிடாதீர்கள். அது எஞ்சினுக்குத் தீங்கு என்பதோடு, பொதுத்தெருவில் நிறுத்திய காரின் எஞ்சினை அநாவசியமாக ஓடவிடுவது நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 123ஆம் விதிக்கும் விரோதமானது. நகராட்சி அதற்கு அபராதமும் விதிக்கலாம். பழைய மினி, எம்.ஜி.பி. போன்ற கார்களின் புதிய காம்ஷாப்ட்டை முதல் ஸ்டார்ட்டிலேயே 2,000 முதல் 2,500 சுற்று வேகத்தில் ஏறக்குறைய 20 நிமிடம் ஓட்டுவது வேறு விஷயம். அது எஞ்சின் கட்டியவர் தம் கராஜிலேயே செய்து முடிக்க வேண்டிய வேலை. உங்கள் வேலை பாரம் கொடுத்து ஓட்டுவது. லண்டனின் 20 மைல் வேகத் தெருக்களிலும் நார்த் சர்க்குலர் நெரிசலிலும் அது கைகூடாது. ஞாயிறு அதிகாலையில் ஏ404 சாலையில் ஹாரோவிலிருந்து ரிக்மன்ஸ்வொர்த் வழியாக அமர்ஷம் வரை, ஏற்ற இறக்கமும் தடையற்ற போக்குவரத்தும் உள்ள பிரயாணம் ஒன்றை மேற்கொள்வது நலம். எஞ்சின் சூடேறியபின், வேக வரம்பு இடங்கொடுக்கும் இடங்களில் 30 மைலிலிருந்து 50 மைல் வரை திடமாக முடுக்கி, பெடலை விட்டு எஞ்சினே வேகத்தைக் குறைக்குமாறு இறங்கவிட்டு, இதைப் பலமுறை திரும்பச் செய்ய வேண்டும். எம்25இல் ஏறி ஒரே வேகத்தில் மணிக்கணக்காகச் செல்வதும், உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவைப்பதும் கூடா. முதல் 500 மைலுக்குள், அல்லது கட்டியவர் அதற்கு முன்னரே சொல்லியிருந்தால் அப்போதே, எண்ணெயையும் பில்டரையும் மாற்றிவிட வேண்டும்.

எந்த எண்ணெய் என்று என்னைக் கேட்பது வீண். கட்டியவரைக் கேளுங்கள், கேட்டதை எழுத்தில் வாங்குங்கள். கார் உங்கள் கைக்கு வருமுன் கராஜின் பெயர் அச்சிட்ட தாளில் எஞ்சின் எண், மாற்றிய பாகங்கள், எண்ணெயின் வகை, பழக்கும் முறை, எண்ணெய் மாற்ற வேண்டிய மைல், உத்தரவாதக் காலம் ஆகிய இத்தனையும் இருக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, நீங்கள் நம்பி முடிவெடுத்த வாய்ச்சொல்லும் கராஜைக் கட்டுப்படுத்தும் என்பது மெய்யே. ஆனால் வாய்ச்சொல்லை ருசுப்படுத்துவது யார்? காரில் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, தேதி, மைல்மானி, சென்ற சாலை, ஊற்றிய எண்ணெய் அளவு ஆகியவற்றை எழுதுங்கள். எண்ணெய் வாங்கிய ரசீதையும் அதிலேயே சொருகுங்கள். “நீங்கள் ஓட்டிய விதம் தவறு” என்பதே எக்காலத்திலும் கராஜின் முதல் ஆட்சேபம். அதற்கு உரிய ஒரே மறுமொழி இந்தக் குறிப்பேடு. பணத்தைக் காசாகக் கொடுக்காதீர்கள். விலை 100 பவுணுக்கு மேல் 30,000 பவுணுக்குள் இருந்து, முன்பணத்தையாவது கிரெடிட் கார்டில் நேராகக் கராஜுக்குக் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கார்டு நிறுவனத்தையும் உங்களுக்குப் பொறுப்பாளியாக்குகிறது.

புகை கண்டாலோ தட்டும் சத்தம் கேட்டாலோ உடனே நிறுத்துங்கள். வேறு மெக்கானிக்கைக் கொண்டு எஞ்சினைத் திறக்காதீர்கள். திறந்த எஞ்சினை வைத்துக்கொண்டு எந்த நியாயஸ்தலத்திலும் பழையவன் பிழையென்று நிலைநாட்டுவது கடினம் என்பதால் மறுபடியும் சொல்கிறேன், திறக்காதீர்கள். முதலில் கராஜுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு நியாயமான கவனத்தையும் திறமையையும் கோருகிறது. அது தவறினால் 55ஆம் பிரிவின்படி செலவின்றி வேலையைத் திரும்பச் செய்யவும், அது முடியாதபோது 56ஆம் பிரிவின்படி விலையைக் குறைக்கவும் நீங்கள் கேட்கலாம். கராஜ் மறுத்தால், சுயேச்சையான எஞ்சினியர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை பெறுங்கள். திறந்து பார்ப்பது தவிர்க்க முடியாததானால், கராஜுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து அந்த எஞ்சினியரின் மேற்பார்வையிலேயே அது நடக்கட்டும். பணம் கொடுத்தாலன்றிக் காரை விடமாட்டோம் என்று பிடித்து வைத்தால், ‘ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன்’ என்று பில்லில் ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டுச் செலுத்திக் காரை மீட்டுக்கொள்ளுங்கள்.

நகராட்சியின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரி பணத்தை வாங்கித் தருவார் என்று காத்திருப்பவர்களைப் பார்த்துப் பொறுமை இழந்துவிட்டேன். அவர்கள் தனி மனிதரின் வழக்கை நடத்துவதில்லை. புகாரைக்கூட நேராக வாங்காமல், சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் தொலைபேசியான 0808 223 1133க்குத் திருப்பிவிடுவார்கள். மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் அலுவலகம் இத்தனை எட்டத்தில் நிற்பது நியாயமன்று. ஆயினும் அந்த எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதிந்துகொள்ளுங்கள். கராஜ் ‘மோட்டார் ஓம்புட்ஸ்மன்’ ஸ்தாபனத்தில் அங்கம் வகித்தால், 8 வாரம் கழிந்தும் தீர்வு கிட்டாத புகாரை அங்கே செலவின்றிக் கொண்டுபோகலாம். அங்கம் வகிக்காவிட்டால், 14 நாள் தவணை கொடுத்து வழக்குக்கு முந்திய கடிதம் ஒன்று அனுப்பி, 10,000 பவுண் வரையிலான சிறு வழக்கை அரசாங்க இணையதளத்தின் மூலம் நீங்களே தொடரலாம். 2024 மே மாதம் முதல் அத்தகைய பண வழக்குகளில் தொலைபேசிச் சமரசப் பேச்சும் கட்டாயமாகியிருக்கிறது. ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து 6 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் பாத்தியதை போய்விடும்.

உங்கள் எஞ்சினைப் புதுப்பிக்காமல் வேறொரு புதுப்பித்த எஞ்சினை மாற்றிப் பொருத்தியிருந்தால் இன்னொரு கடமையும் உண்டு. இதைத்தான் அநேகமாக எல்லோரும் உதாசீனம் செய்கிறார்கள். எஞ்சின் எண் மாறினால் வி5சி லாக்புக்கும் மாற வேண்டும். முன்னட்டையில் பல நிறக் கட்டங்கள் உள்ள புதிய லாக்புக்காயின் 1ஆம் பகுதியிலும், பழையதாயின் 7ஆம் பகுதியிலும் திருத்தத்தை எழுதி, எஞ்சின் வாங்கிய ரசீதை இணைத்து, டி.வி.எல்.ஏ., ஸ்வான்சி, எஸ்.ஏ.99 1பி.ஏ. என்ற விலாசத்துக்கு அனுப்புங்கள். அனுப்புமுன் எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே காப்புறுதிக் கம்பெனிக்கும் எழுதி, அவர்களுடைய பதிலையும் அதே குறிப்பேட்டில் வையுங்கள்.